மௌனம் முறிவாகுமா?

 

2025 செப்டம்பரில் நரிக்குடியில் ஒரு தாய் கண்கலங்கி நின்றார். வளைகுடாவிலிருந்து இணையவழி பேசும் மகனின் குரல், இரண்டு வார்த்தைக்குள் அறுந்துவிடுகிறதாம். "நிக்காஹ் ஆன பிறகு என் பிள்ளைக்கு என் பேச்சே கசந்துவிட்டது, அஜரத்!" என்றார்.

அம்மாதம் 6ஆம் நாள் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் கடலடிக் கம்பிவடங்கள் சேதமுற்று, இந்தியா, பாகிஸ்தான், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் இணையம் தளர்ந்திருந்தது. அந்தத் தாய் இதை அறியார். கணினி பயிலும் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்து, வழியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன்.

வழியை அளக்க இரண்டு எளிய கருவிகள் உண்டு. ஒன்று 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதியது. சிறு செய்தியொன்றை அனுப்பி, மறுமொழி திரும்ப எத்தனை மில்லி வினாடி ஆயிற்று, எத்தனை செய்திகள் திரும்பாமற்போயின என்று கணக்கிடும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே 1,000 கிலோமீட்டர் போய்வரக் குறைந்தது 10 மில்லி வினாடி வேண்டும். கம்பிவடம் அறுந்து செய்தி சுற்றுவழியில் சென்றால், அந்த எண் உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றொன்று வான் ஜேக்கப்சன் உருவாக்கிய 'ட்ரேஸ்ரூட்'. இராமேசுவர யாத்திரிகர்களுக்காக நம் நரிக்குடியில் மருது சகோதரர்கள் கட்டிய சத்திரத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவரை முதற்சத்திரம் வரைக்கும், அடுத்தவரை இரண்டாம் சத்திரம் வரைக்கும் அனுப்பி, அங்கங்கிருந்து ஓலை வாங்கினால் பாதை முழுதும் விளங்குமல்லவா? இக்கருவியும் இடைவழியிலுள்ள 'ரூட்டர்'களிடம் அவ்வாறே ஓலை வாங்குகிறது.

மாணவர் அளந்தார். நம் ஊர்ப் பகுதியில் குறையில்லை. அப்பாலோ, முன்பு அவர் குறித்து வைத்திருந்த அளவைவிடத் தாமதம் வெகுவாகக் கூடியிருந்தது. சில செய்திகள் திரும்பவேயில்லை. குரல் அறுந்ததன் காரணம் மகனின் மனத்தில் அன்று, வழியில் இருந்தது.

நடுவே ஓர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக மூன்று நட்சத்திரக் குறிகள் தோன்றின. "இங்கேதான் அறுந்ததா?" என்று கேட்டேன். "இல்லை அஜரத். அடுத்த இடம் பதில் தருகிறதே! இந்த ரூட்டர் தன்னைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஆனால் வந்த செய்தியை முறையாகக் கடத்திவிடுகிறது" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. பதில் பேசாத மகன், கடிதம் எழுதாத சகோதரன், விருந்துக்கு வராத சம்பந்தி — இவர்களின் மௌனத்தை எத்தனை முறை நாம் முறிவென்று தீர்ப்பெழுதிவிட்டோம்! அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் வீண் சந்தேகத்திற்கு வந்துள்ள எச்சரிக்கையை மேடையில் ஓதுகிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம்.

சில நாட்களில் மகனின் குரல் தெளிவாக வந்தது. "உம்மா, ஏன் கோபம்?" என்றுதான் முதலில் கேட்டானாம். அவன் பக்கத்திலும் அவன் உம்மாவின் குரல் அறுந்தே கேட்டிருக்கிறது!

இயந்திரத்தின் மௌனத்தையே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் காலத்தில், இரத்த உறவின் மௌனத்தை விசாரிக்காமல் தண்டிப்பது தகுமா? வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் நல்லெண்ணத்தை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.