மணிலாச் செக்கும் கணக்குப் புஸ்தகமும்

வில்லியனூர், மண்ணாடிப்பட்டு முதலிய பகுதிகளில் மணிலாக்கொட்டை பயிரிடும் நிலச்சுவான்தார்களில் சிலர், காயை மண்டிக்கு அனுப்பாமல் தாமே செக்கு வைத்து எண்ணெயாக்கிப் புதுவைப் பட்டணத்தில் விற்கலாமென்று யோசித்து வருகின்றனர். யோசனை நல்லதே. பட்டணத்தில் செக்கெண்ணெய்க்கு இப்போது மதிப்பு உண்டு. பிண்ணாக்கும் வீட்டு மாட்டுக்கு ஆகும். ஆயினும் இதைப்பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலாவது கேட்பது இயந்திரத்தின் விலை. இரண்டாவது கேட்பது மானியத் தொகை. ஒரு லிட்டர் எண்ணெய் இறக்க என்ன செலவாகும், அதை யார் வாங்குவார் என்று கேட்பவர் அரிதினும் அரிது. இந்த வரிசை தலைகீழானது என்பது எமது அபிப்பிராயம்.

இவ்வூர்த் துறைமுகம் மணிலா வியாபாரத்திற்குப் புதிதன்று. 1879-ம் வருஷம் டிசம்பர் மாதம் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் விடப்பட்டது. தென்னாற்காட்டுச் சீமையில் விளைந்த மணிலா, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் இங்கு வந்து சேர்ந்து, பிரெஞ்சு தேசத்து மார்ஸேய் பட்டணத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிற்று. அவ்வளவு பெரிய வியாபாரத்திற்கு வந்த கேடு யாதெனில், தண்ணீர். காயைக் கையால் உடைக்கும் கூலியாட்கள் ஓடு சுலபமாக விடும்பொருட்டு அதை நனைத்து உடைத்தார்கள். நனைந்த பருப்பு எடை கூடிற்று. ஆகவே தடுக்க வேண்டியவரும் தடுக்கவில்லை. ஈரப் பருப்பு கப்பலின் அடித்தளத்தில் பல நாள் புழுங்கிப் பூசணம் பிடித்து, அதன் எண்ணெய் காறல் கண்டது. ஆப்பிரிக்காவின் ஸெனகால் தேசத்துக் கொட்டை ஓட்டுடனேயே போய் இறங்கியபடியால், அதன் எண்ணெய் சாப்பாட்டு மேஜைக்குச் சென்றது; நமது கரைப் பருப்பின் எண்ணெய் சோப்புக் காய்ச்சப் போயிற்று. விலையும் அதற்கேற்பவே கிடைத்தது. குடியானவன், கூலியாள், தரகர், மண்டிக்காரர் ஆகிய ஒவ்வொருவரும் அடைந்தது சொற்ப லாபம். இழந்தது கரை முழுவதன் பெயர். உடைக்கும் இயந்திரங்கள் பரவிய பிறகே அவ்வழக்கம் ஓய்ந்தது.

ஈரத்தைப்பற்றி அன்று அறியப்படாத வேறொரு விஷயமும் இன்று தெரிந்திருக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம் தேடியபோது, அவற்றின் தீனியில் கலந்த மணிலாப் பிண்ணாக்கிலிருந்த பூசண விஷமே என்று வெளிப்பட்டது. அதற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டனர். இது ஈரலைக் கெடுப்பது; பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் இறங்குவது. பெரிய ஆலைகளில் காரமிட்டுச் சுத்திகரிக்கும்போது எண்ணெயிலுள்ள விஷம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கோ அந்தச் சுத்திகரிப்பே கிடையாது. அதுவே அதன் பெருமையாகச் சொல்லி விற்கப்படுகிறது. ஆகவே சுத்தத்தைச் செக்குக்குப் பின்னால் தேடுவதற்கு வழியில்லை, களத்திலேயே தேட வேண்டும். பிடுங்கிய செடிகளைக் காய் மேற்புறமாக இருக்கும்படி கவிழ்த்து உலர்த்துக. பறித்த காயை வெறுந்தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் காயவைத்து, ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேற்படாதவாறு பார்த்துக்கொள்க. கருவி இல்லாதவர், காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிப்பதையும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிவதையும் அடையாளமாகக் கொள்ளலாம். சுருங்கினது, நிறம் மாறினது, பூசணம் தொட்டது ஆகியவற்றைக் கையால் பொறுக்கித் தள்ளாமல் ஒரு பிடியும் செக்கில் போடலாகாது. தள்ளினதை மாட்டுக்கும் இடலாகாது. செக்கில் ஆட்டும்போது சிறிது நீர் தெளிக்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். அது எண்ணெய் பிரிவதற்காக அந்நேரத்தில் தெளிப்பது, களஞ்சியத்தில் கிடந்து புழுங்கும் ஈரமன்று.

நிற்க. சரக்கு சுத்தமாயிருந்தும் செக்கு வைத்தவர் நஷ்டமடைவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கில்லாமையே. சொந்தக் கொட்டையைச் சொந்தச் செக்கில் ஆட்டுகிறவர், கொட்டைக்கு விலை போடுவதில்லை. "நம் நிலத்துக் காய்தானே" என்கிறார். இதனால் விளையும் மயக்கத்தை எண்களால் காட்டுகிறோம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே கண்டவை கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் வைத்தவை.

காய் 100 கிலோ உடைத்தால் பருப்பு ஏறக்குறைய 70 கிலோ தேறும். அதில் எண்ணெய் நூற்றுக்கு 40 வீதம் 28 கிலோ. கசடு தெளிந்தபின் 30 லிட்டர். பிண்ணாக்கு 40 கிலோ. லிட்டர் 260 ரூபாய் வீதம் எண்ணெய் 7,800 ரூபாய். கிலோ 40 ரூபாய் வீதம் பிண்ணாக்கு 1,600. ஆக வரவு 9,400 ரூபாய். செலவோ, உடைப்பும் வண்டிச் சத்தமும் 300, மின்சாரமும் ஆள் கூலியும் 900, சீசாவும் சீட்டும் 370, முதலுக்கு வட்டியும் இயந்திரத் தேய்மானமும் 500, ஆக 2,070. மீதி 7,330 ரூபாய் லாபமென்று செக்குக்காரர் மகிழ்கிறார். அந்தக் காயை அன்றைக்கே மண்டியில் போட்டிருந்தால் கிலோ 70 ரூபாய் வீதம் 7,000 ரூபாய், ஆட்டாமலும் அலையாமலும் கைக்கு வந்திருக்கும். ஆகவே செக்கு சம்பாதித்தது 330 ரூபாய்தான். ஏனையது நிலம் சம்பாதித்தது. இதில் இரண்டு லிட்டரைக் கடனாகக் கொடுத்து அது வசூலாகாமற் போனால் 520 ரூபாய் போயிற்று; செக்கு நஷ்டத்தில் ஓடுகிறது. உடையவருக்கோ அது தெரியாது, ஏனெனில் நிலத்தின் லாபம் செக்கின் ஓட்டையை மூடிக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் மழை பொய்த்துக் கொட்டையை விலைக்கு வாங்க நேரும்போதுதான் ஓட்டை வெளியாகும். அதற்குள் இரண்டாவது செக்குக்குக் கடன் வாங்கியிருப்பார்.

ஆகவே நிலத்துக்கு ஒரு பேரேடு, செக்குக்கு ஒரு பேரேடு என்று தனித்தனியே வைத்து, நிலத்திலிருந்து செக்குக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையையும் அன்றைய மண்டி விலைக்கு விற்றதாக எழுத வேண்டும். அன்றைய விலையைத் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விசாரித்து அறியலாம். வீட்டுச் சமையலுக்கு எடுத்த எண்ணெயும், சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிய எண்ணெயும் பற்றில் ஏற வேண்டியவையே. பாக்கி எழுதாமல் ஞாபகத்தில் வைத்திருப்பதாகச் சொல்வது நம் ஊர்களில் ஒரு கௌரவமாகக் கருதப்படுகிறது; எமக்கு அது விளங்குவதில்லை. இதே பட்டணத்தில் துபாஷி உத்தியோகமும் பெரிய வியாபாரமும் ஒருங்கே நடத்திய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிவந்த தினப்படி சேதிக் குறிப்பில், கவர்னர்களின் சேதிகளோடு, கப்பல் வந்ததையும் சரக்குக்கு விலை பேசியதையும் கூட எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதருக்கு அகௌரவமாகத் தோன்றாதது நமக்கு ஏன் தோன்ற வேண்டும்?

இனி, தொழிலை விருத்தி செய்வதைப்பற்றி. முதல் வருஷத்தில் சொந்தச் சரக்கைக் குறைவாகவும், கூலிக்கு ஆட்டுவதை அதிகமாகவும் வைத்துக்கொள்வதே உசிதம். சுற்றுப்புறத்துக் குடியானவர் தம் கொட்டையைக் கொண்டுவந்து ஆட்டி எடுத்துச் செல்வார். நமக்கு ஆட்டுக்கூலி ரொக்கமாகக் கிடைக்கும். இதில் சரக்கு தேங்குவதில்லை, விலை இறக்கத்தின் பயமில்லை. அன்றியும், செக்கின் உண்மையான செலவு என்னவென்பது கூலி வேலையில்தான் துலாம்பரமாகத் தெரியும்; கூலி கட்டவில்லையானால் சொந்த எண்ணெயும் கட்டாது. மணிலா ஓய்ந்த மாதங்களில் அதே செக்கில் எள்ளும் கொப்பரையும் ஆட்டலாம். ஒன்று முடிந்து மற்றொன்று போடுமுன் உரலை நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிடில் இரண்டின் மணமும் கெடும்.

விற்பனையில் பெரிய கடைகளை நாடுவதைக் காட்டிலும், மாதந்தோறும் தவறாமல் வாங்கும் ஐம்பது குடும்பங்களைத் தேடிக்கொள்வது மேல். கடைக்காரர் கமிஷன் எடுத்து, பணத்தையும் தாமதித்துத் தருவார். 330 ரூபாய் மிஞ்சும் தொழிலில் அவ்விரண்டுக்கும் இடமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறாமல் ஒரு சீசாவும் விற்கக் கூடாது. ஆட்டின தேதி, அளவு, பதிவு எண் ஆகியவை சீட்டில் காணப்பட வேண்டும். பட்டணத்தில் சிலர் செக்கெண்ணெய் என்று பெயரிட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒரு லிட்டர் இறக்க ஏறத்தாழ 2.3 கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலையை அதனால் பெருக்கிப் பிண்ணாக்கு விலையைக் கழித்துப் பார்த்தால், அந்த விலைக்கு அசல் எண்ணெய் கொடுக்க முடியுமா என்பது விளங்கிவிடும். இந்தக் கணக்கை வாடிக்கைக்காரருக்கும் ஒரு முறை சொல்லிக் காட்டுவதில் தவறில்லை. விலையைக் குறைத்து அவர்களோடு போட்டியிடுவது மட்டும் கூடவே கூடாது.

மானியத்தைப்பற்றிக் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020-ல் மத்திய ஸர்க்கார் தொடங்கிய சிறு உணவுத் தொழில் திட்டத்தில், தகுதியான முதலீட்டில் நூற்றுக்கு 35 வீதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் மானியம் என்று விதிக்கப்பட்டது. அது பாங்கிக் கடனோடு சேர்ந்து வருவது. மானியம் போக மீதியுள்ள கடனுக்கு வட்டி, செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வளரும். மானியம் பெரிதாகக் கிடைக்குமென்று தேவைக்கு மேற்பட்ட இயந்திரம் வாங்குகிறவர், நூறு ரூபாயில் 35-ஐப் பெறும்பொருட்டு 65-ஐத் தாமே ஏற்கிறார் என்பதை மறக்கலாகாது. இவ்விதத் திட்டங்களுக்குச் சிபார்சு கேட்டு வருகிறவரிடம் பட்டாவையும் ஜாமீனையும் பார்ப்பது வழக்கம். அவற்றோடு ஒரு போகத்துக் கூலி ஆட்டுக் கணக்கையும் கேட்டுப் பார்க்கலாம். சொந்தச் செக்கு இல்லாதவர், பக்கத்து ஊர்ச் செக்கில் பத்து மூட்டையைக் கூலிக்கு ஆட்டி விற்று, அந்தக் கணக்கைக் கொண்டுவரட்டும். இதற்கு மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்காது. கணக்குக் கொண்டுவந்தவருக்கு உடனே சிபார்சு செய்க; இரண்டாவது செக்கு வேண்டுமென்பவரிடமோ, முதற்செக்கு வருஷத்தில் எத்தனை நாள் ஓடிற்று, எத்தனை நாள் சும்மா நின்றது என்று பேரேட்டில் காட்டச் சொல்லுக.