கச்சேரி நேரத்தில் கோயில்ல படம் வரையலாமா?



நவராத்திரி முடிஞ்சதிலிருந்து தொண்டூழியர்கள் நடுவே ஒரே பேச்சு. ஒரு நாள் கச்சேரியில் ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் தூண் ஓரமா உட்கார்ந்து, மடியில் சின்ன நோட்டு வச்சு, மிருதங்கக்காரரையும் கொலுவையும் வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு பெரியவர் போய், "சாமி கும்பிட வந்தீங்களா, படம் போட வந்தீங்களா?"ன்னு கேட்டுட்டார். அவங்க எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு, அன்னதானத்துக்குக்கூட நிக்காம கிளம்பிட்டாங்க. இப்போ, மண்டபத்தில் படம் வரையக் கூடாதுன்னு பலகை வைக்கச் சொல்லி சிலர் எழுதிக் கொடுத்திருக்காங்க.

அந்தப் பலகை வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

முதல்ல ஒன்று கேட்கிறோம். கச்சேரியில் உண்மையில் யார் தொந்தரவு? கைப்பேசியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, பின்னால் இருக்கிறவங்களுக்கு மேடையை மறைக்கிறோமே, அதுக்கு யாரும் எதுவும் சொல்றதில்லை. மடியில் இருக்கிற நோட்டு யாரையும் மறைக்காது, சத்தம் போடாது, வெளிச்சம் அடிக்காது.

இரண்டாவது, வரைகிற பிள்ளை கவனிக்கிற பிள்ளை. பாடகரின் தாளம் போடும் கையை வரையணும்னா, ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் அந்தக் கையசைவுச் சுற்று திரும்ப ஆரம்பிக்கும். அதைப் பிடிக்கக் காத்திருக்கிற பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே தாளம் எண்ண ஆரம்பிச்சுடும். கோபுரத்தை வரைகிற பிள்ளை நிலைகளை எண்ணும், கலசத்தை எண்ணும், ஏன் ஒற்றைப்படையா இருக்குன்னு நம்மகிட்ட வந்து கேட்கும். ஒரு மணி நேரம் கோயில்ல உட்காரச் சொன்னாலே "எப்பப்பா வீட்டுக்குப் போறோம்?"னு கேட்கிற பிள்ளைகளைத்தானே நாம அதிகம் பார்க்கிறோம்?

மூன்றாவது, இது நமக்குப் புதுசு இல்லை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த ஓவியர் சில்பியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீங்க. கோயில் கோயிலாகப் போய் வரைந்தவர் அவர். அந்தப் படங்களுக்குச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டியவங்க உண்டு. சங்கீத மும்மூர்த்திகள்னு சொன்னதும் பலர் மனசில் வருவது எஸ். ராஜம் தீட்டிய உருவங்கள்தான். அவரே கர்நாடக இசைப் பாடகர். பாட்டும் படமும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்திருக்கு.

2015இல் நகரக் காட்சிகளை நேரில் வரைகிறவர்களின் உலக மாநாடு இங்கே சிங்கப்பூரிலேயே நடந்தது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் கோபுரத்தை நடைபாதையில் நின்று வரைகிறவர்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். வெளியே நின்று மற்றவங்க வரையலாம், உள்ளே உட்கார்ந்து நம்ம பிள்ளைகள் வரையக் கூடாதுன்னா, என்ன நியாயம்?

அதேசமயம் அந்தப் பெரியவரின் கவலையில் நியாயம் இருக்கு. கோயில் ஓவிய வகுப்பு இல்லை. அதனால பலகைக்குப் பதிலா இந்த ஒழுங்குமுறையை முன்வைக்கிறோம்:

1. தீபாராதனை மணி அடிச்சதும் நோட்டை மூடிட்டு எழுந்து நிக்கணும். அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

2. கருவறைக்கு முன் வரைய வேண்டாம். மண்டபம், தூண், கொலு, மேடை போதும். பிரகார வழியை அடைச்சு உட்காரக் கூடாது.

3. கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வராதீங்க. கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிற்கும் தூரிகை கிடைக்குது, அதுவே போதும். துடைக்க ஒரு துணி. வண்ணத் தண்ணீரை அபிஷேக நீர் போகும் வழியில் ஊற்றவே கூடாது.

4. இது பலருக்குத் தெரியாது: சில நீர்வண்ணங்களில் மாட்டுப் பித்தநீர் சேர்க்கிறாங்க. சில கறுப்பு வண்ணங்கள் எலும்புக் கரியில் செய்தவை. சில உயர்ரகத் தாள்களுக்கு ஜெலட்டின் பூசுறாங்க. தூரிகைகளில் விலங்கு முடியும் உண்டு. கோயிலுக்குக் கொண்டுவரும் பெட்டியை விவரம் பார்த்து வாங்குங்க. செயற்கை இழைத் தூரிகை விலையும் குறைவு. சந்தேகமா இருந்தா பென்சில் போதும், வண்ணத்தை வீட்டில் போட்டுக்கலாம். நம்ம ஊர் ஈரக்காற்றில் வண்ணம் காய நேரம் ஆகும், அதனால அதுவே வசதியும்கூட.

5. பக்கத்தில் இருக்கிறவங்க முகத்தை வரையும் முன் ஒரு வார்த்தை கேளுங்க.

பிள்ளைகள் கோயிலுக்கு வர்றதே இல்லைன்னு ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தப்படுகிறோம். வந்து, அசையாம உட்கார்ந்து, கண்ணெடுக்காம அம்பாள் கொலுவைப் பார்க்கிற பிள்ளையை எழுப்பி அனுப்பிட்டா, அப்புறம் அந்த வருத்தத்துக்கு என்ன அர்த்தம்?

நிர்வாகக் குழு இந்த மாதம் முடிவெடுக்கப் போகுது. உங்க கருத்தைக் கீழே எழுதுங்க, இல்லைன்னா ஆலய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறோம்.

ஓம் சக்தி.