காலண்டருக்குள் ஒரு துறவி

பள்ளிவாசல் தேயிலைத் தோட்ட லயங்களில், வருடம் முடிந்தாலும் காலண்டர் முருகன் சுவரைவிட்டு இறங்குவதில்லை. தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டுவிடுவார்கள். சிவகாசி அச்சகங்கள் வழியே இந்தத் தெய்வ முகங்களை வீடுதோறும் சேர்த்தவர்களில் முன்னோடி, கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், துறவு நாடித் திருவண்ணாமலை ரமணாசிரமம் போனார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சீடர்களே குடும்பம். அவர் வரைந்த மீனாட்சி கல்யாணத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: பட்டின் மடிப்பும் தோளில் விழும் நிழலும் அசல் மனித உடலுக்குரியவை. கண்களில் மட்டும் சலனமில்லை. அது ரமணர் சந்நிதியில் கற்ற பார்வை என்றே நம்புகிறேன். இவரை வெறும் காலண்டர் ஓவியர் என்று ஒதுக்குவது அநியாயம். மிஞ்சியிருக்கும் மூல ஓவியங்களைத் தேடிச் சேர்த்து, அரசு அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஒரு கூடம் ஒதுக்க வேண்டும்.