பசிக்காமலே சாப்பிடுவது நோயா? டாக்டர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசியையே பிணியாகப் பார்த்து, சோறு போட்டுத் தீர்க்கும் இடம் அது. சரி, பசியே இல்லாமல், போதும் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால்? அதுவும் பிணிதான். பெயர், 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்'.

கல்யாண வீட்டில் ஒரு பிடி பிடிப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பந்தியில் ரெண்டு பேர் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுபவர் நோயாளி அல்ல. சாப்பிடும் அளவைவிட, 'நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை' என்ற தவிப்புதான் முக்கியம்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவர் பேசித்தான் கண்டறிவார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, கட்டுப்பாடிழந்து அதிகமாகச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, 3 மாதங்களுக்கு நடந்திருக்க வேண்டும். அது மன வேதனையும் தர வேண்டும். கூடவே, இந்த ஐந்தில் மூன்றாவது இருக்க வேண்டும்:

• வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது
• வயிறு முட்டி அவஸ்தைப்படும் வரை சாப்பிடுவது
• பசிக்காதபோதும் நிறைய சாப்பிடுவது
• கூச்சப்பட்டு, தனியாகச் சாப்பிடுவது
• சாப்பிட்டபின் குற்ற உணர்வு, தன்மீதே வெறுப்பு

உடல் எடை இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒல்லியானவருக்கும் இது வரலாம். சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பட்டினி கிடப்பது தொடர்ந்தால், அது 'புலிமியா' என்ற வேறு வகை.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை?

ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1959-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார். ஆனால் 1994-ல் வந்த டிஎஸ்எம்-4, 'மேலும் ஆராய வேண்டியவை' என்று பின்னிணைப்பில்தான் இடம் கொடுத்தது. தனி நோயாக அங்கீகாரம் கிடைத்தது 2013-ல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலும் இதைத் தனியாக வகைப்படுத்துகிறது. 2022-ல் நடைமுறைக்கு வந்த இந்தப் பட்டியல் ஒரு படி மேலே போகிறது: சாப்பிட்ட அளவு மிக அதிகமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை; கட்டுப்பாடு கைவிட்டுப் போனதா என்பதே கேள்வி.

பெயர் வைத்தால் என்ன மாறும்?

நிறைய மாறும். எது மனநோய் என்று தீர்மானிக்கும் அளவுகோலாக, நம் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஐசிடி பட்டியலைத்தான் சுட்டுகிறது. உடல் நோய்களுக்கு இணையாக மனநோய்களுக்கும் காப்பீடு தர வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான்.

வீட்டில் கிடைக்கும் அட்வைஸும் மாற வேண்டும். 'வாயைக் கட்டு' என்று திட்டுவது வெட்கத்தைத்தான் கூட்டும். பட்டினி டயட்டோ அடுத்த 'பிஞ்ச்'சுக்கே வழிவிடலாம். சிந்தனையையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது சிதம்பரத்தில் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.