பால்மரம் வெட்டியவருக்கு ஒரு சிலை

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் செடிகொடிகள் மட்டுமில்லை, சிலைகளும் உண்டு. ஊஞ்சலாடும் பெண்ணின் வெண்கலச் சிலை 1984-ல் வந்தது. சிட்னி ஹார்ப்ளி செய்தது, சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷலின் அன்பளிப்பு. 2008-ல் போலந்து இசைமேதை ஷோப்பேனும் வந்து சேர்ந்தார். கருங்கல் பந்து நீரூற்று இன்னொரு அதிசயம். அடியில் பாயும் தண்ணீர் பந்தைத் தாங்குவதால் சின்னப் பிள்ளை தள்ளினாலும் சுழலும்!

எல்லாம் அழகுதான். ஆனால் எனக்கு ஒரு குறை.

1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் வந்து இறங்கியது இங்கேதான். மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்கும் முறையை ரிட்லி உருவாக்கியதும் இங்கேதான். 2015-ல் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலகப் பாரம்பரியத் தளமாக்க இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

சரி, அந்த முறைப்படி மலாயாத் தோட்டங்களில் விடியுமுன்னே எழுந்து பால்மரம் வெட்டியது யார்? கப்பலேறிப் போன நம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுக்கென்று ஒரு சிலை இந்தப் பூங்காவில் என் கண்ணில் பட்டதில்லை.

ஷோப்பேன் இருக்கட்டும், ஊஞ்சல் பெண்ணும் இருக்கட்டும். பக்கத்தில் கையில் கத்தியும் வாளியுமாக ஓர் அம்மாவும் நிற்கட்டுமே. அவருக்கு இல்லாத உரிமையா? நீங்க என்ன நினைக்கிறீங்க?