பிழை திருத்த உதவுதல்

நிரல் எழுதக் கற்கும் மாணவர் ஒருவர் பிழையோடு வந்து நின்றால், விசைப்பலகையை நம் பக்கம் இழுத்து நாமே திருத்திக் கொடுத்துவிடுகிறோம். அதனை உதவி என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இரு மதிப்பெண்களைக் கூட்டும் வலைப்பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். பெட்டிகளில் 45, 40 என உள்ளிட்டால் 85 வரவேண்டும். திரையிலோ 4540 எனத் தோன்றுகிறது. உலாவி பிழைச்செய்தி எதனையும் காட்டுவதில்லை. அதன் கணக்கில் பிழையே நிகழவில்லை. பெட்டியில் உள்ளிடும் எண், எழுத்துகளின் சரமாகவே நிரலை வந்தடைகிறது. சரங்களுக்கிடையே நிற்கும் கூட்டல் குறி அவற்றைக் கூட்டுவதில்லை. நிலைமொழியோடு வருமொழியைச் சேர்ப்பதுபோல் ஒட்டிவைக்கிறது. கழித்தல் குறிக்கு ஒட்டும் வேலை இல்லை. ஆகவே அதே மதிப்புகளைக் கழித்தால் 5 என்று சரியாகவே வருகிறது. மாணவர் மயங்குவது இங்கேதான்.

'நம்பர்' என்னும் செயற்கூற்றைச் சேர்த்தால் போதும். அரை நிமிட வேலை. அதனை நாம் செய்துவிட்டால், நாளை ஒரு கடையின் விலைப்பட்டியலுக்கு நிரல் எழுதும்போது அவர் மீண்டும் அதே இடத்தில் தவறுவார். அன்று எச்சரிக்கப் பிழைச்செய்தியும் இராது; நாமும் அருகில் இரோம். தவறான தொகையைச் செலுத்துபவர் வேறொருவராக இருப்பார்.

"இந்த மாறியின் தரவு வகை யாது?" என்று மட்டும் கேட்கலாம். 'டைப்ஆஃப்' என எழுதி அவரே சோதிக்கட்டும். நாற்பது பேர் காத்திருக்கும் ஆய்வகத்தில் இதற்குப் பொறுமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், திரையில் 'ஸ்ட்ரிங்' என்ற விடையைக் கண்ட மாணவர், 4540 எங்கிருந்து வந்தது என்பதை நமக்கே விளக்கத் தொடங்குவார்.