நறுக்கப்பட்ட உண்மை

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சபையில் என்னைவிட மூத்த அண்ணாச்சி ஒருவர் என் கையைப் பிடித்து வேப்பமர நிழலுக்கு அழைத்துப் போனார். செல்போனை நீட்டினார். ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு மரண தண்டனை விதித்திருக்கிறார்களாம். நாளை மதியம் நிறைவேற்றப் போகிறார்களாம். உடனே ஜெபியுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி.

"அண்ணாச்சி, இது பல வருஷமா சுத்திக்கிட்டிருக்கிற பொய். தேதியே இல்லை பாருங்க. என்னைக்கு வாசிச்சாலும் நாளை மதியம்தான்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "பொய்யாவே இருக்கட்டும் தம்பி. ஜெபம்தானே பண்ணச் சொல்லுதான். இதுல என்ன நஷ்டம்?" என்றார்.

அங்கே நின்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் பெஞ்ச் கிளார்க். கூண்டில் ஏறிய எத்தனையோ சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே 2018-இல் ஏமாந்தேன். ஏமாந்ததோடு நிற்கவில்லை, ஊரையும் ஏமாற்றினேன்.

ஒரு வீடியோ வந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் தமிழ்நாட்டில் இறங்கிவிட்டது என்று கீழே எழுதியிருந்தது. பேத்தியை நினைத்தேன், கை நடுங்கியது. குடும்பக் குழு, சபைக் குழு, ஓய்வூதியர் குழு மூன்றுக்கும் அனுப்பினேன்.

அந்த மே மாதம்தான் போளூர்ப் பக்கம் அந்தக் கொடுமை நடந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில், அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்துபோனார். பேப்பரைப் படித்த என் வீட்டம்மா, "அந்த அம்மாவுக்கு என் வயசுதாங்க இருக்கும்" என்றாள். நான் அனுப்பியது அந்த ஊருக்குப் போயிருக்காது. ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த வீடியோ பாகிஸ்தானின் கராச்சியில், பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை நறுக்கிவிட்டார்கள். பொய் முழுவதும் அந்த நறுக்கிலும் கீழே எழுதிய நாலு வரியிலும் இருந்தது.

இது மிகப் பழைய தந்திரம். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பிசாசானவன் ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, 91-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பேசுகிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். நம் வழிகளிலெல்லாம் காப்பதைப் பற்றி சங்கீதம் சொல்லும் இடம் அவன் பேச்சில் இல்லை. அவன் சொன்னது வேதவசனம்தான். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டான். இன்று ஒரு மணி நேரப் பேச்சில் பத்து வினாடியை வெட்டிப் போடுகிறவர்களும், எப்போதோ வந்த வெள்ளத்தின் படத்தை நேற்றைய வெள்ளம் என்று அனுப்புகிறவர்களும் செய்வது இதைத்தான்.

நீதிமன்றத்தில் இது சுலபத்தில் நடக்காது. பார்த்த விஷயம் என்றால், பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும் என்றது 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதும் அந்த விதி போகவில்லை. "ஊரில் பேசிக்கிட்டாங்க ஐயா" என்று சாட்சி ஆரம்பித்தாலே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார். விட்டுப்போனதை வெளியே இழுக்கத்தான் குறுக்கு விசாரணை.

மோசேயின் சட்டம் இன்னும் கடுமை. உபாகமம் 17-ஆம் அதிகாரத்தின்படி, மரண தண்டனை என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். அந்தச் சாட்சிகளே முதல் கல்லை எறிய வேண்டும். சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. இப்போது நாம் ஒரு விரலால் எறிந்துவிட்டு அடுத்த செய்தியைப் பார்க்கப் போய்விடுகிறோம். கல் எங்கே விழுந்தது என்று தெரிவதில்லை.

2023 மார்ச்சில் அப்படி ஒரு கல் நம் மேலேயே விழுந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று, வேறு சம்பவங்களின் காட்சிகளை வடக்கே பரப்பினார்கள். நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! 2018-இல் வடநாட்டுக்காரரைப் பற்றி நாம் நம்பியதும் அதே மாதிரிப் பொய்தானே.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். 2007-இல் ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் 23 கொரியக் கிறிஸ்தவர்களைக் கடத்தியது உண்மை. இருவரைக் கொன்றார்கள், மற்றவர்கள் விடுதலையானார்கள். அந்த இருவருக்காக அழுவது நியாயம். நடக்காத தண்டனையை வருஷக்கணக்காக அனுப்பிக்கொண்டிருந்தால், நாளை நிஜமாகவே ஒரு ஊழியர் ஆபத்தில் இருக்கும்போது நம் பேச்சை யார் நம்புவார்கள்? இது ஒரு நஷ்டம். இன்னொன்று பெரியது. எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் பாய், இருபது வருஷமாக என்னை "சார், வாங்க" என்று கூப்பிடுகிறவர். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் போனால், அவர் முகமே நமக்கு வேறு மாதிரித் தெரியும். பொய்ச்சாட்சி கூடாது என்ற கற்பனை எங்களுக்கு ஒன்பதாவது, கத்தோலிக்க நண்பர்களுக்கு எட்டாவது. எண் எதுவானாலும், அது பக்கத்தில் இருக்கிறவனைக் காப்பாற்றக் கொடுக்கப்பட்டது. ஜெபத்தை முன்னே வைத்து அதை மீறினாலும் மீறியதுதான்.

அப்போது மூன்று குழுவிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வீடியோவுக்கு வந்த பதில்கள் ஏராளம். மன்னிப்புக்கு வந்தது இரண்டு. அதிலிருந்து எது வந்தாலும் பெஞ்ச் கிளார்க்காக மாறி மூன்று கேள்வி கேட்கிறேன். பார்த்தது யார்? எந்த ஊர், எந்தத் தேதி? முன்னும் பின்னும் என்ன இருந்தது? பதில் கிடைக்காவிட்டால் அது என் போனோடு நின்றுவிடும்.

இன்று மாலை அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன். அவர் அனுப்பியவர்களுக்கெல்லாம் அவரே மறுப்பு எழுத வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாது என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டிக் கொடுப்பேன். சாட்சி சொல்ல, நான் எழுதி எடுத்துக்கொள்வது எனக்குப் பழகிய வேலைதானே.